கட்டற்ற மென்பொருளும் கட்டுண்ட கைகளும்: தன்னார்வ உழைப்பு குறித்துச் சில குறிப்புகள்

1

‘பர்ன் அவுட்’ என்ற சொல்லுக்கு உளவியலில் இடம் பிடித்துத் தந்தது 1974இல் வெளியான ஒரு கட்டுரை. எழுதியவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். 1926இல் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்து சேர்ந்தவர். நியூயார்க்கில் பகலெல்லாம் தன் சொந்த உளவியல் சிகிச்சைத் தொழில், ராத்திரியில் இலவச மருத்துவமனை என்று இரண்டு வேலை பார்த்தவர். 1967இல் சான்ஃபிரான்சிஸ்கோவின் ஹெய்ட் ஆஷ்பரி பகுதியில் திறக்கப்பட்டதைப் போன்ற இலவச மருத்துவமனைகள் அக்காலத்து எதிர்க் கலாச்சாரத்தின் பிள்ளைகள். வீட்டைவிட்டு ஓடிவந்தவர்கள், போதைப் பழக்கத்தில் விழுந்தவர்கள், பெரிய மருத்துவமனையின் வாசலை மிதிக்கப் பயந்தவர்கள் என எல்லாருக்கும் அங்கே காசில்லாமல் வைத்தியம் பார்த்தார்கள். பார்த்தவர்களில் பலர் சம்பளமே இல்லாதவர்கள், அல்லது பேருக்கு ஏதோ வாங்கியவர்கள். இந்தத் தொண்டர்களுக்கு ஒரு கட்டத்தில் என்ன ஆகிறது என்பதைத்தான் ஃப்ராய்டன்பெர்கர் எழுதினார். தன்னையும் சேர்த்தே எழுதினார்.

விடாத சளி, தலைவலி, தூக்கமின்மை, சட்டென்று வரும் கோபம் என்று அறிகுறிகளை அடுக்குகிறார். இவற்றைவிட முக்கியமானது இன்னொன்று: ஆள் நாளெல்லாம் அங்கேயே கிடப்பார், வேலை மட்டும் நடக்காது. யாருக்கு இது வரும்? ஏனோதானோவென்று வந்துபோகிறவருக்கு வராது, தன்னை முழுசாகக் கொடுத்தவருக்கே வரும் என்பது அவர் கண்டது.

நாற்பத்தைந்து ஆண்டுகள் தள்ளி வருவோம். 2019இல் ஏற்கப்பட்ட உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் ‘பர்ன் அவுட்’ இடம்பெற்றது. நோயாக அல்ல, தொழில்சார் நிகழ்வாக. சமாளிக்கப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு இது. வாழ்க்கையின் மற்றப் பகுதிகளின் அனுபவங்களுக்கு இச்சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று அந்த வரையறை வேலி போடுகிறது. எந்த மனிதர்களைப் பார்த்து இந்தச் சொல் எடுக்கப்பட்டதோ அவர்களையே, சம்பளப் பட்டியலில் இல்லை என்பதால், வரையறையின் விளிம்புக்கு அனுப்பிவைத்தாயிற்று. ஒரு சொல்லின் வரலாற்றில் உழைப்பு குறித்த ஒரு பார்வை முழுக்கத் தெரிந்துவிடுகிறது எனலாம்: கூலி இல்லாதது வேலை இல்லை, வேலை இல்லாதவருக்கு அயர்ச்சி ஏது?

இந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் நாற்பதாண்டு வரலாற்றை வாசிக்கப் பார்க்கிறேன். யாரும் இயக்கலாம், மூலநிரலைப் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமைகளோடு வெளியிடப்படுவது கட்டற்ற மென்பொருள். அந்த மருத்துவமனைக்கும் இந்த மென்பொருளுக்கும் ஆங்கிலத்தில் ஒரே அடைமொழிதான், ‘ஃப்ரீ’. தமிழில் நமக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன, இலவசம் ஒன்று, கட்டற்றது இன்னொன்று. மென்பொருளைக் கட்டற்றது என்று சரியாகவே பெயர்த்துக்கொண்டோம். அதைச் செய்தவர் கட்டற்றவரா என்ற கேள்வியை மட்டும் விட்டுவிட்டோம்.

தன்னார்வலரின் சோர்வை ஆர்வக் குறைவு, மனத்திடம் போதாது என்று பேசுவது எல்லா இயக்கங்களிலும் உண்டு. என் வாதம் வேறு. கொடையாகத் தொடங்கிய ஒன்று, கொடுத்தவரால் நிறுத்த முடியாத கடமையாக மாறுகிற இடத்தில்தான் இந்தச் சோர்வு பிறக்கிறது. அந்த மாற்றம் தனிமனிதர் மனசுக்குள் நடப்பதல்ல. அதற்கு வரலாறு இருக்கிறது, லாபம் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

2

தொடக்கத்தில் இருந்தது கோபம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை அறிவு ஆய்வகத்தில் நிரல்களை ஒருவருக்கொருவர் பகிர்ந்து வாழ்ந்த ஒரு கூட்டம் 1980களின் தொடக்கத்தில் உடைந்தது. சிம்பாலிக்ஸ் என்ற நிறுவனம் அங்கிருந்த திறமைசாலிகளில் பலரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், 1983 முடியும்வரை, அந்நிறுவனத்தின் நிரலாளர்கள் செய்த மேம்பாடுகளை ஒற்றை ஆளாகத் தானும் எழுதி, போட்டி நிறுவனத்துக்குக் கிடைக்கச் செய்தார். 1983 செப்டம்பரில் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1984 ஜனவரியில் வேலையை விட்டார். 1985இல் க்னூ அறிக்கை வெளிவந்தது, அதே ஆண்டில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் உருவானது.

அந்த அறிக்கையை இன்றைக்கு எடுத்துப் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். நிரலாளர் எப்படிச் சாப்பிடுவார் என்ற கேள்வியை ஸ்டால்மன் தவிர்க்கவில்லை. காசு இல்லாவிட்டால் யார் நிரல் எழுதுவார் என்ற ஆட்சேபத்தை அவரே எழுப்பி, நிரல் எழுதுவதில் உள்ள ஈர்ப்பே பலருக்குப் போதும் என்கிறார். அதோடு நிற்கவில்லை. கணினி வாங்குகிறவர்களிடம் மென்பொருள் வரி ஒன்றை வசூலித்து, அதை ஒரு பொது அமைப்பு வழியாக மென்பொருள் உருவாக்கத்துக்குச் செலவிடலாம் என்றும் யோசனை சொல்கிறார். இயக்கத்தின் மூல ஆவணத்திலேயே மகிழ்ச்சி, கூலி என்ற இரண்டு விடைகளும் இருந்தன. பின்னால் வந்தவர்கள் முதலாவதைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது காணாமல்போனது.

1989இல் வந்த பொது உரிமம் பயன்படுத்துகிறவரின் சுதந்திரத்தைச் சட்ட மொழியில் உறுதி செய்தது. பெற்றவர் அடுத்தவருக்கும் அதே சுதந்திரத்தைக் கொடுத்தாக வேண்டும். காப்புரிமைச் சட்டத்தை அதற்கு எதிராகவே திருப்பிய அபாரமான காரியம் அது, சந்தேகமில்லை. ஆனால் அது பேசுவது நிரலின் சுதந்திரத்தை. எழுதியவருக்கு அதில் கிடைப்பது ஒரு விலக்கு மட்டும்: இந்த மென்பொருளுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்ற வாசகம். நீதிமன்றத்துக்கு எதிரான காப்பு அது. தினமும் கதவைத் தட்டுகிற ஆட்களுக்கு எதிராக அதில் எதுவுமில்லை.

உடம்பு இந்தக் கதையில் சீக்கிரமே வந்துவிடுகிறது. 1990களின் நடுவில் ஸ்டால்மனின் கைகளில் கடுமையான வலி. தட்டச்சு செய்ய முடியாமல், ஆள் வைத்துச் சொல்லிச் சொல்லி எழுத வேண்டியிருந்தது. கோட்பாடாகப் பேசும்போது நாம் ‘அறிவுழைப்பு’ என்கிறோம். அறிவுழைப்பையும் செய்வது விரல்கள்தான்.

3

1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஒரு இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். பொழுதுபோக்கு என்ற அந்தச் சொல் ஒரு தத்துவமாகவே வளர்ந்தது. 1997இல் எரிக் ரேமண்ட் ‘கதீட்ரலும் பஜாரும்’ கட்டுரையை வாசித்தார். நல்ல மென்பொருள் எழுதுகிறவரின் சொந்த அரிப்பிலிருந்து தொடங்குகிறது என்பது அதன் தொடக்கப் பாடம். அடுத்த வருடம் எழுதிய இன்னொரு கட்டுரையில் இந்த உலகத்தைக் கொடைப் பண்பாடு என்றார். கொடுக்கிறவர் பெறுவது பேர், மதிப்பு. பொருளாதார அறிஞர்களான லெர்னரும் டிரோலும் 2002இல், பேரும் மதிப்பும் பின்னால் நல்ல வேலையாக மாறும் என்று கணக்குப் போட்டார்கள். லக்கானி, வுல்ஃப் இருவரும் 287 திட்டங்களைச் சேர்ந்த 684 பேரிடம் விசாரித்து 2005இல் வெளியிட்ட ஆய்வில் படைப்பு இன்பமே வலுவான தூண்டுதலாகத் தெரிந்தது. அந்த 684 பேரில் சுமார் 40 சதவீதம் பேர் அதற்காகச் சம்பளம் வாங்கியவர்கள் என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது.

இந்த விளக்கங்கள் பொய் என்று சொல்லமாட்டேன். இவை அனைத்தும் தொடக்கத்தின் கோட்பாடுகள் என்பதே என் விமர்சனம். அரிப்பு ஏன் எழுத வைத்தது என்று சொல்லும். அரிப்பு தீர்ந்து பத்து வருடம் கழிந்தபின் அதே ஆள் ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லாது. அப்போது அவர் சொறிந்துகொண்டிருப்பது ஊரார் அரிப்பை. மேலும், இவ்வகை ஆய்வுகள் உள்ளே இருப்பவர்களிடம் ஏன் இருக்கிறீர்கள் என்று கேட்கின்றன. விட்டுப்போனவர்களிடம் ஏன் போனீர்கள் என்று கேட்டிருந்தால் வேறொரு கோட்பாடு கிடைத்திருக்கும்.

எழுதுவதும் பராமரிப்பதும் இரண்டு தனி வேலைகள். எழுதும்போது நீங்களும் பிரச்சினையும் மட்டும். பராமரிப்பு என்றால் பிழை அறிக்கைகளைப் படிக்கணும், பாதி அறிக்கை பிழையே இல்லை என்று பொறுமையாக விளக்கணும், வேறு யாரோ எழுதி அனுப்பிய திருத்தத்தை வரிவரியாகச் சரிபார்க்கணும், நிராகரித்தால் அவர் கோபத்தைத் தாங்கணும், பழைய கருவிகளோடு ஒத்துப்போகிறதா என்று சோதிக்கணும். இதில் படைப்பு இன்பம் கொஞ்சம்தான். பேரும் கிடையாது, ஒழுங்காக ஓடுகிற மென்பொருளின் பராமரிப்பாளரை யாருக்கும் தெரியாது.

இந்த மாற்றம் வெளிச்சத்துக்கு வந்தது 1998இல். லினக்ஸ் கருநிரலுக்கு வந்து குவிந்த திருத்தங்களை எல்லாம் டோர்வால்ட்ஸ் என்ற ஒற்றை ஆளே பார்த்து ஏற்க வேண்டியிருந்தது. அனுப்பியது காணாமல்போகிறது என்று புகார்கள், பதிலுக்குச் சண்டை. செப்டம்பர் கடைசியில் அவர் கொஞ்ச நாள் விடுப்பு என்று போய்விட்டார். அவரைப் பிழிகிறோம், இப்படியே போனால் ஆள் தாங்கமாட்டார் என்று கூட இருந்தவர்களே எச்சரித்தார்கள். விளைவாக வேலையைப் பகிரும் ஏற்பாடுகளும், 2005இல் கிட் என்ற கருவியும் வந்தன. இருபது வருடம் கழித்து, 2018 செப்டம்பரில், டோர்வால்ட்ஸ் இன்னொரு முறை விடுப்பில் போனார். இம்முறை, பல ஆண்டுகளாகச் சக நிரலாளர்களிடம் தான் பேசிய முரட்டுப் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு.

கிறிஸ்டினா மாஸ்லாக் 1981இல் உருவாக்கிய அளவுகோல் சோர்வை மூன்றாகப் பிரிக்கிறது: உணர்ச்சி வறண்டுபோவது, எதிரே இருப்பவரை மனிதராகப் பார்க்க முடியாமல்போவது, செய்ததெல்லாம் வீண் என்று தோன்றுவது. நம் பேச்சுத் தமிழில் ‘வெறுத்துப்போச்சு’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அதில் இந்த மூன்றும் அடக்கம். கட்டற்ற மென்பொருள் உலகின் பேர்பெற்ற முரட்டுத்தனத்தை ஆண் கர்வம் என்று வாசிப்பது சரிதான். அதில் ஒரு பங்கு இந்த இரண்டாவது வகைச் சோர்வு என்பதையும் சேர்த்து வாசிக்கணும். அயர்ந்தவர் திட்டுகிறார், திட்டு வாங்கிய புதியவர் போய்விடுகிறார், ஆள் குறைந்ததால் இருப்பவர் இன்னும் அயர்கிறார்.

4

தன்னார்வம் எல்லாருக்கும் சமமாகக் கிடைக்கிற பண்டம் அல்ல. ஓய்வு நேரம் வேண்டும். அது யாரிடம் இருக்கிறது? 2002இல் ஐரோப்பாவில் நடந்த பெரிய ஆய்வில் பதிலளித்த கட்டற்ற மென்பொருள் உருவாக்குநர்களில் பெண்கள் 1.1 சதவீதம். 2017இல் கிட்ஹப் நிறுவனம் நடத்திய ஆய்வில் 3 சதவீதம். சம்பளத்துக்கான மென்பொருள் துறையில் பெண்களின் பங்கு இதைவிடப் பல மடங்கு. காசு வாங்குகிற வேலைக்கு வருகிற பெண், காசில்லாத இந்த வேலைக்கு ஏன் வரவில்லை? விரோதமான சூழல் ஒரு காரணம். மற்றொன்று எளிமையானது: காசில்லாத வேலை அவளுக்கு வீட்டில் ஏற்கனவே இருக்கிறது.

1970களில் இத்தாலியிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீட்டு வேலைக்குக் கூலி கேட்டுப் போராடிய பெண்ணியர்கள் இதைத் தெளிவாகச் சொன்னார்கள். சில்வியா ஃபெடரிசி 1975இல் வைத்த வாதத்தின் சாரம் இது: ஒரு வேலையை அன்பு என்று பெயரிட்டால் அது வேலை என்பது மறைந்துவிடும், மறைந்தபின் அதை மறுக்கவும் முடியாது. ‘ஆர்வம்’ என்ற சொல் மென்பொருள் உலகில் செய்வதும் இதுவே. ஆர்வத்தால் செய்கிறாய், அப்புறம் என்ன களைப்பு? பாத்திரம் கழுவுவதைப் போலத்தான் பராமரிப்பும். செய்தால் தெரியாது, செய்யாவிட்டால் நாறும். ஆண்கள் நிறைந்த ஒரு உலகம் தன் பராமரிப்பு உழைப்பை அங்கீகரிக்கத் தெரியாமல் திணறியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்த உழைப்புக்கு ஏற்கனவே ஒரு பால் அடையாளம் இருந்தது.

5

இதற்கிடையே மூலதனம் உள்ளே வந்துவிட்டது. 1999இல் ரெட் ஹாட் பங்குச் சந்தையில் இறங்கியது, 2019இல் ஐ.பி.எம். அதை 34 பில்லியன் டாலருக்கு வாங்கியது. லினக்ஸ் கருநிரலைப் பொறுத்தவரை தன்னார்வலர் என்பதே பழங்கதையாகிக்கொண்டிருந்தது. 2017இல் வெளியான லினக்ஸ் அறக்கட்டளை அறிக்கையின்படி, சம்பளமின்றி எழுதுகிறவர்களின் பங்களிப்பு பத்தில் ஒன்றுக்கும் கீழே. மூலதனம் தனக்குப் பளிச்சென்று தெரிகிற இடத்தில் கூலி கொடுத்தது. தெரியாத இடங்களில், சுவருக்குள் ஓடும் குழாய்களைப் போல உள்ளே கிடக்கும் சிறு நிரல் தொகுப்புகளில், சும்மா கெடைக்குதுல்ல என்று இருந்துவிட்டது.

2014 ஏப்ரல் 7 அன்று அந்தக் குழாய் வெடித்தது. இணையத்தில் வங்கிக் கணக்கு முதல் கடவுச்சொல் வரை மறைகுறியாக்கி அனுப்பப் பயன்பட்ட ஓபன்எஸ்எஸ்எல் நிரல் தொகுப்பில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை இருப்பது அறிவிக்கப்பட்டது. சுமார் 5 லட்சம் இணையத் தளங்கள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிட்டார்கள். பிழையான வரிகள் உள்ளே போனது 2011 டிசம்பர் 31 இரவு. உலகம் புத்தாண்டுக்குக் காத்திருந்த நேரத்தில் ஒருவர் அந்தத் திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தார். ஓட்டை வெளியானபின் அதன் நிர்வாகிகளில் ஒருவர் கணக்கை வெளியில் வைத்தார்: நன்கொடையாக வருவது ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர், முழு நேரம் வேலை செய்வது ஒரே ஒரு ஆள். இரண்டே வாரத்தில் கூகுள், மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக், அமேசான் உள்ளிட்ட பெருநிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் வீதம் மூன்று ஆண்டுகளுக்குத் தர ஒப்புக்கொண்டன. அந்தப் பணம் 2013இல் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. வெடிப்பு வேண்டியிருந்தது.

2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற தொகுப்பில் இதேபோல இன்னொரு வெடிப்பு. அடுத்த மாதம், கர்ல் என்ற பரவலான கருவியை எழுதிப் பராமரிக்கும் சுவீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க்குக்கு ஒரு பெருநிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. உங்கள் மென்பொருளில் இந்த ஓட்டை உண்டா, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள், 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்லவும் என்ற தொனியில். அந்த நிறுவனத்துக்கும் அவருக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது. ஒரு ஆதரவு ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் மகிழ்ச்சியாகப் பதில் சொல்கிறேன் என்று அவர் திருப்பி எழுதினார்.

வேடிக்கைக்காக இதைச் சொல்லவில்லை. கொடை எப்படிக் கடனாகிறது என்பது இந்த ஒரு மின்னஞ்சலில் நிர்வாணமாகத் தெரிகிறது. மார்செல் மாஸ் 1925இல் கொடை பற்றி எழுதியபோது பெறுகிறவருக்குத்தான் கடமை வருகிறது என்றார், திருப்பித் தர வேண்டிய கடமை. இங்கே தலைகீழ். கொடுத்தவர் கடன்பட்டவர் ஆகிறார், பெற்றவர் கணக்குக் கேட்கிறார். உரிமத்தில் உத்தரவாதம் இல்லை என்று எழுதியிருந்தும் இப்படி நடக்கிறது. டிசியானா டெரனோவா 2000இலேயே இணையத்தின் ‘ஃப்ரீ’ உழைப்பு குறித்து எழுதினார்: மனமுவந்து தரப்படுவது, கூலியற்றது, சுரண்டப்படுவது என்று மூன்றும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும் என்று.

6

அப்படியானால் காசு கொடுத்துவிட்டால் தீர்ந்ததா? டெபியன் திட்டத்தின் அனுபவம் அவ்வளவு சுலபமில்லை என்கிறது. 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன், உலகெங்கும் பரவிய தன்னார்வலர்களால் நடப்பது. அதன் புதிய பதிப்பு எப்போதும் தாமதமாகும். 2006இல் ‘டங்க் டேங்க்’ என்ற பெயரில் ஒரு சோதனை: வெளியில் நிதி திரட்டி, வெளியீட்டுப் பொறுப்பாளர் இருவருக்குக் கொஞ்ச காலம் சம்பளம் கொடுத்து, அடுத்த பதிப்பை டிசம்பரில் முடித்துவிடலாம். திட்டத்தின் அப்போதைய தலைவரே முன்னின்றார். எதிர்ப்பு கிளம்பியது. 17 உருவாக்குநர்கள் கூட்டாக அறிக்கை விட்டார்கள். இருவருக்கு மட்டும் காசு என்றால் மற்றவர்கள் உழைப்புக்கு என்ன அர்த்தம், எங்கள் ஊக்கம் போய்விட்டது, வேலையைக் குறைத்துக்கொள்கிறோம் என்பது சாரம். பதிப்பு 2007 ஏப்ரலில்தான் வந்தது.

ரிச்சர்ட் டிட்மஸ் 1970இல் இரத்த தானம் பற்றிய நூலில், காசு நுழைந்தால் தானம் சுருங்கும் என்று வாதிட்டார். எட்வர்ட் டெசி 1971இல் நடத்திய சோதனைகளில், புதிர் போடக் காசு வாங்கிய மாணவர்கள் காசு நின்றதும் புதிரில் ஆர்வம் குறைந்தார்கள். இவற்றைக் காட்டி, பார்த்தீர்களா, தன்னார்வலருக்குக் காசு கொடுத்தால் கெட்டுப்போவார்கள் என்று முடிக்கிறவர்கள் உண்டு. முதலாளிக்கு வசதியான முடிவு அது. டெபியன்காரர்களின் கோபத்தை நான் வேறு மாதிரி வாசிக்கிறேன். அவர்கள் கோபப்பட்டது கூலிமேல் அல்ல. யாருக்கு, எவ்வளவு, எதற்கு என்பதைப் பொதுவில் முடிவு செய்யாமல் ஒரு சிறு குழு முடிவு செய்ததன்மேல். சமமானவர்கள் என்று நம்பியிருந்த இடத்தில் ஒரே நாளில் இரண்டு சாதி முளைத்ததன்மேல். மறுபுறம், ஸ்டால்மன் 1985இல் சொன்ன பொது நிதி யோசனையின் சாயலை, 2022இல் ஜெர்மானிய அரசு மென்பொருள் பராமரிப்புக்கென்றே உருவாக்கிய நிதியத்தில் காணலாம். காசு வருவது வரவேற்க வேண்டியதே. எந்த உறவுகளுக்குள் வருகிறது என்பதுதான் கேள்வி.

7

கடைசியாக எக்ஸ்இசட் விவகாரம். கோப்புகளைச் சுருக்கும் ஒரு சாதாரணக் கருவி. ஆனால் லினக்ஸ் எங்கெல்லாம் ஓடுகிறதோ ஏறக்குறைய அங்கெல்லாம் இருப்பது. பல ஆண்டுகளாக ஒரே ஒருவர், கூலி இல்லாமல், பார்த்து வந்தார். 2022இல் அவர்மீது அழுத்தம் தொடங்குகிறது. வேறெங்கும் தடம் இல்லாத பெயர்களிலிருந்து கடிதங்கள்: திருத்தங்கள் ஏன் தேங்குகின்றன, உனக்கு முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடு. தன் மனநலம் நீண்ட நாளாகச் சரியில்லை என்றும், இது கூலியில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதை நினைவில் வைக்கும்படியும் அவர் பதில் எழுதினார். அதே நேரத்தில் பக்கத்திலேயே பணிவாக, திறமையாக, அலுக்காமல் உதவிக்கொண்டிருந்தார் ‘ஜியா டான்’ என்ற பெயர்கொண்ட ஒருவர். பொறுப்பு மெல்ல மெல்ல அவர் கைக்குப் போனது. 2024 பிப்ரவரியில் வந்த பதிப்பில், தொலைவிலிருந்து கணினிகளுக்குள் நுழைய ஒரு திருட்டுக் கதவு ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அதை அம்பலப்படுத்தினார். உள்நுழைய அரை விநாடி கூடுதலாகிறதே, ஏன் என்று அவர் விடாமல் துருவியதால் தப்பித்தோம். முக்கியமான லினக்ஸ் வெளியீடுகளின் நிலைத்த பதிப்புகளுக்குள் அது போவதற்குள் பிடிபட்டது.

பின்னால் யார் இருந்தார்கள் என்பது உளவு நாவல் வாசகர்களின் கேள்வி. நமக்கான கேள்வி, தாக்கியவர் உடைத்த பூட்டு எது? ஒரு மனிதரின் அயர்ச்சி. உதவி என்று ஒரு கை நீண்டால் பிடித்துக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு வழி வைக்கப்படவில்லை. அவரைக் குறை சொல்வது அபத்தம். தோளில் இருப்பதை இறக்கிவைக்க ஒரு சுமைதாங்கிக் கல்கூட இல்லாத பாதை அது. நம் ஊர்ச் சாலை ஓரங்களில், தலைச்சுமையோடு நடக்கிறவர் யார் உதவியும் இல்லாமல் இறக்கிவைத்து ஆறிப் போவதற்கு, ஆள் உயரத்தில் கல் நட்டு வைத்தார்கள் நம் முன்னோர். அரை நூற்றாண்டு அனுபவமுள்ள ஒரு தொழில்நுட்ப உலகத்துக்கு அது தோன்றவில்லை.

8

முற்றிலும் தோன்றவில்லை என்றும் சொல்ல முடியாது. 1998 டிசம்பரில் ஏற்கப்பட்ட டெபியன் அரசியலமைப்பில் ஒரு விதி உண்டு: திட்டத்துக்காக வேலை செய்யும் கடமை யார்மீதும் இல்லை, ஒப்படைக்கப்பட்ட வேலையைச் செய்ய விரும்பாதவர் செய்ய வேண்டியதில்லை, விதிகளுக்கும் முடிவுகளுக்கும் எதிராக வேலை செய்யாமல் இருந்தால் போதும். வாசிக்க வறட்டு வாசகம். ஆனால் விலகும் உரிமையை அமைப்பின் சட்டத்திலேயே எழுதிவைத்த அமைப்புகள் எத்தனை? கூடவே நடைமுறையும் உண்டு. ஒரு தொகுப்பைப் பார்க்க முடியாதவர் ‘அநாதை’ என்று அறிவிக்கலாம், ‘தத்தெடுக்க ஆள் தேவை’ என்று போடலாம், ‘உதவி தேவை’ என்று கேட்கலாம். மூன்றும் பொதுப் பட்டியலில் வரும். முடியவில்லை என்று சொல்வது அங்கே குற்ற ஒப்புதல் அல்ல, ஒரு நிர்வாக அறிவிப்பு.

2018 ஜூலையில் பைத்தான் மொழியை உருவாக்கிய குய்டோ வான் ராசம், ஒரு சின்ன இலக்கண மாற்றத்துக்காக நடந்த கசப்பான சண்டைக்குப் பிறகு, தலைமையை விட்டார். வாரிசை நியமிக்கவும் மறுத்தார். நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்றார். பல மாதம் விவாதித்து, பல மாதிரிகளை எழுதி வைத்து, வாக்கெடுப்பு நடத்தி, 2019 தொடக்கத்தில் ஐந்து பேர் கொண்ட குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு பெரிய பதிப்புக்குப் பின்னும் மறு தேர்தல். ஒரே நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் இரண்டு பேருக்குமேல் இருக்கக் கூடாது. வான் ராசமே முதல் குழுவில் ஐவரில் ஒருவராக உட்கார்ந்தார். மொழி செத்துவிடவில்லை.

கட்டமைப்பே வேண்டாம், நண்பர்களாக இருந்தால் போதும் என்ற அமைப்புகளில் என்ன நடக்கும் என்று ஜோ ஃப்ரீமன் 1972இல், அமெரிக்கப் பெண்கள் இயக்கத்தின் அனுபவத்திலிருந்து எழுதினார். கட்டமைப்பு இல்லாமல் போவதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அதிகாரம் பொறுப்புச் சொல்லாததாகிவிடுகிறது. அவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கத் தோன்றுகிறது. கண்ணுக்குத் தெரியாத கட்டமைப்பில் சுமையும் கண்ணுக்குத் தெரியாது. யார் எவ்வளவு தூக்குகிறார் என்பது அவர் விழுந்தபிறகுதான் தெரியும்.

சிறுபத்திரிகை படிக்கிற நமக்கு இது அந்நியக் கதையாக இருக்க நியாயமில்லை. சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ 1970இல் நின்றது. ஒற்றை ஆளாகப் புத்தகச் சுமையோடு ஊர் ஊராக அலைந்த அவரது பாடுகளைத் தியாகம் என்று போற்றி எழுதியிருக்கிறோம். தியாகம் என்று எழுதுவது மரியாதைதான். ஆனால் அந்தச் சொல் கணக்கை மூடிவிடுகிறது. யாரெல்லாம் அந்தச் சுமையில் கை வைக்கவில்லை என்ற கேள்வி அதற்குப் பிறகு எழுவதில்லை. ‘தொண்டு’ என்ற சொல்லுக்கே அடிமைத்தனம் என்ற பொருளும் உண்டு என்பதை அகராதி வைத்திருப்பவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

ஃப்ராய்டன்பெர்கரின் 1974 கட்டுரையில் தீர்வுகளும் உண்டு. ஒரே வேலையில் ஒருவரை வைக்காதே, மாற்றி மாற்றிப் போடு. ஒருவர் எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்று வரம்பு கட்டு. கட்டாயமாக ஓய்வுக்கு அனுப்பு. ஆள் சேர். தியானம் செய், மனசைத் தேற்றிக்கொள் என்பவை அல்ல இவை. ஒவ்வொன்றும் அமைப்பு செய்ய வேண்டியது. பிறகு வந்த ஐம்பதாண்டில் சோர்வு தனிமனிதரின் பிரச்சினையாக, அவரே விலைகொடுத்து வாங்கித் தீர்க்க வேண்டிய ஒன்றாக ஆக்கப்பட்டது. அந்தக் கட்டுரையைத் திரும்ப அதன் இடத்தில் வைத்து வாசிக்கணும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுத நேர்ந்தது.

கட்டற்ற மென்பொருளின் உரிமங்கள் பயன்படுத்துகிறவரின் சுதந்திரங்களை நான்காக எண்ணி வைத்திருக்கின்றன. செய்கிறவருக்கும் ஒன்று வேண்டும்: அவமானமோ குற்ற உணர்வோ இல்லாமல், சுமையைப் பொதுவில் இறக்கிவைத்துவிட்டுப் போகிற சுதந்திரம். உரிமத்தில் எழுதி அது வராது. ஒவ்வொரு திட்டமும், ஒவ்வொரு பத்திரிகையும், ஒவ்வொரு இயக்கமும் தன் ஆட்களோடு உட்கார்ந்து பேசி ஏற்படுத்திக்கொள்ள வேண்டியது அது. தொடங்கும்போதே பேச வேண்டியது. ஆள் விழுந்தபிறகு பேசினால் இரங்கல் கூட்டமாகிவிடும்.